சிவப்பு, பச்சை, மஞ்சள், கண்ணாடி: தூண்டில் நரம்பு நிறங்களைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்த விமர்சனம்

சிவப்பு நரம்பில் ஆரம்பிக்கிறேன். நரம்பு வாங்கப் போகிறவரிடம் அதிகம் சொல்லப்படுவது அதைப் பற்றித்தான்: தண்ணீருக்குள் போனதும் மறைந்துவிடும், மீன் கண்ணுக்குத் தெரியாது, அதனால் தயங்காமல் இரையை எடுக்கும். சில ஸ்பூல்களின் அட்டையிலேயே அப்படிப் போட்டிருக்கும். சொல்லும் காரணத்தில் பாதி சரிதான். சூரிய ஒளியில் தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். தெளிந்த கடல்நீரில் 5 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பில் பெரும்பகுதி போய்விடும், அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள் என்று ஒவ்வொன்றாகக் குறையும், அதிக ஆழம் வரை போவது நீலம். சரி, சிவப்பு ஒளியே இல்லாத இடத்தில் சிவப்பு நரம்பு எப்படித் தெரியும்? கருப்பாகத் தெரியும். அங்கே மிச்சமிருக்கும் நீலத்தையும் பச்சையையும் அந்தச் சாயம் உறிஞ்சிக்கொள்கிறது, விட்டு அனுப்ப அதனிடம் சிவப்பும் இல்லை. நிறம் போய்விட்டது, நரம்பு போகவில்லை. நீலப் பின்னணியில் ஒரு கருத்த கோடு நிற்கும். அதே ஆழத்தில் நிறமில்லாத நரம்பு அந்த நீல ஒளியைத் தன் வழியாக விட்டுவிடும். அதனால் தெளிந்த, ஆழமான தண்ணீரில் சிவப்பு நரம்பு சாதாரண கண்ணாடி நரம்பைவிட மோசமான தேர்வு என்பது என் தீர்மானமான கருத்து.

இதைக் காகிதத்தில் யோசித்து எழுதவில்லை. பிளாஸ்டிக் குழாயில் ஒரு சட்டம் செய்து, ஒரே தடிமனில், 0.30 மில்லிமீட்டரில், சிவப்பு, பச்சை, நீலம், பளிச் மஞ்சள், நிறமில்லாத நைலான், புளோரோகார்பன் (நைலானுக்குப் பதிலாக வேறொரு பிளாஸ்டிக்கில் செய்த நிறமில்லாத நரம்பு) எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் இழுத்துக் கட்டி, தண்ணீரில் இறக்கி, நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்தேன். மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்யும் பிரெய்டு ஒன்றையும் கடைசியில் சேர்த்துக்கொண்டேன். கேமராவிலும் எடுத்தேன், ஆனால் யாராவது இதைச் செய்து பார்ப்பதாக இருந்தால் கேமராவில் ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறங்களைச் சரிசெய்யும் அமைப்பை, ஆட்டோவில் விடாதீர்கள், அது தண்ணீர் தின்ற சிவப்பைத் தானாகவே திருப்பிச் சேர்த்துப் படத்தை அழகாக்கிவிடும், நமக்கு வேண்டியது அந்த அழகு இல்லை. மனிதக் கண்ணில் பார்ப்பது மீன் கண்ணில் பார்ப்பதாகாது என்பதும் தெரியும், அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் பின்னணியோடு எது ஒட்டுகிறது, எது துருத்திக்கொண்டு நிற்கிறது என்பதைக் காட்ட நம் கண்ணே போதும்.

கீழிருந்து மேலே பார்த்ததுதான் எனக்குப் பெரிய பாடம். அந்தக் கோணத்தில் பின்னணி, வானத்தின் வெளிச்சம் முழுவதும் கொட்டுகிற தண்ணீர்ப் பரப்பு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் வித்தியாசமே இல்லை, வெளிச்சத்தின் குறுக்கே மூன்று கருப்புக் கீறல்கள். கடையில் கண்ணைப் பறித்த மஞ்சளும் அங்கே மங்கிய இருண்ட கோடுதான், என்ன, ஓரத்தில் கொஞ்சம் வெளிறியிருந்தது. நிறமில்லாத நைலானும் புளோரோகார்பனும் மட்டும் வேறு மாதிரி: நடுவில் வெளிச்சம் ஊடுருவுகிற மெல்லிய பட்டை, இரண்டு விளிம்பிலும் நூலிழை போலக் கருப்பு. உருண்டையான நரம்பு ஒரு லென்ஸ் மாதிரி ஒளியை வளைப்பதால் வரும் விளிம்பு அது, எவ்வளவு தெளிவான பொருளாக இருந்தாலும் அதை முழுக்க ஒழிக்க முடியாது. இரை மேலே தொங்க, மீன் அடியிலிருந்து ஏறி வந்து எடுக்கிற எல்லா வகைத் தூண்டிலிலும் மீன் பார்க்கும் கோணம் இதுதான். அங்கே நிறத்துக்குக் கொடுக்கும் காசு வீண், தடிமனைக் குறைக்கக் கொடுக்கும் காசு வீணாகாது.

பக்கவாட்டில் பார்த்தால் கதை மாறுகிறது. பாசி கலந்த பச்சைத் தண்ணீரில் வெளிர் பச்சை நைலான் நன்றாகவே ஒட்டிப்போனது, கொஞ்சம் தள்ளி நின்றால் அது எங்கே போகிறது என்று தேட வேண்டியிருந்தது. பாசியின் பச்சையம் நீலத்தை உறிஞ்சிவிடும், அதனால் அந்த மாதிரித் தண்ணீரில் தூரம் போவது பச்சையும் மஞ்சளும்தான். கடலுக்குப் பொருந்தும் என்று வாங்கிய நீல நரம்பு அங்கே இருண்டு போய் நின்றது. இலை மக்கித் தேநீர் நிறத்தில் இருக்கும் தண்ணீர் இன்னொரு தனி உலகம். அங்கே நீலம் மேலேயே செத்துவிடும், ஆரஞ்சும் சிவப்பும்தான் மற்றவற்றைவிட ஆழமாகப் போகும். சிவப்பு நரம்பு தன் பெயருக்கு நியாயம் செய்யும் இடம் இது, ஏனென்றால் சுற்றிலும் இருப்பதே செம்பழுப்பு ஒளி, அந்த ஒளியை அது உள்ளே விடுகிறது. விளம்பரத்தில் சொல்லும் காரணத்துக்கு நேர் எதிரான காரணம். அந்த வகைத் தண்ணீரில் மட்டும் சிவப்பு வாங்குங்கள் என்று மனதாரச் சொல்வேன்.

பளிச் மஞ்சளும் அந்த ஒளிரும் நீலமும் தனி ரகம். இவற்றில் இருக்கும் சாயம் புற ஊதாவையும் நீலத்தையும் வாங்கிக்கொண்டு அதைக் கண்ணுக்குத் தெரியும் வேறு நிறமாகத் திருப்பி விடுகிறது. அதனால் சாதாரண மஞ்சள் மங்கிப்போகும் ஆழத்திலும் இது மினுங்கிக்கொண்டே இருக்கும். பக்கவாட்டில் பார்த்தபோது எல்லா நரம்புகளிலும் முதலில் கண்ணில் பட்டது இதுதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் இதைக் குறையாக எழுதவில்லை. தண்ணீருக்கு மேலே நரம்பு தெளிவாகத் தெரிந்தால்தான் தக்கை இல்லாமல் இரை போடும்போது மீன் வாயில் வாங்கிய அந்த நொடியில் நரம்பு துள்ளுவதையோ பக்கமாக நகர்வதையோ பிடிக்க முடியும். அந்த நொடியைத் தவறவிடுவதால் போகும் மீன், நரம்பைப் பார்த்துப் பயந்து போகும் மீனைவிட அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது புளோரோகார்பன். நிறத்தைப் பற்றிய பேச்சில் இதற்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் இது சாயத்தை நம்பாமல் பொருளையே மாற்றி வந்த நரம்பு. ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971-இல் சீகார் என்ற பெயரில் இதை மீன்பிடிக்குக் கொண்டுவந்தது. ஒளிவிலகல் எண், அதாவது ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு, தண்ணீருக்கு 1.33, புளோரோகார்பனுக்கு ஏறத்தாழ 1.42, நைலானுக்கு 1.53-க்கு மேல். இரண்டு பொருட்களின் எண்கள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு குறைவாக ஒளி எல்லையில் திரும்பும். கணக்குப் போட்டால், நேராக விழும் ஒளியில் தண்ணீருக்குள் நைலான் திருப்பி அடிப்பதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் புளோரோகார்பன் திருப்பி அடிக்கிறது. வீட்டிலேயே பார்க்கலாம்: ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்புங்கள், நைலானில் மினுக்கென்று ஓடும் வெள்ளிக் கோடு புளோரோகார்பனில் மங்கலாகத்தான் வரும்.

மங்கலாக வரும் என்றேன், வராது என்று சொல்லவில்லை. தண்ணீரின் 1.33-க்கும் இதன் 1.42-க்கும் நடுவே இடைவெளி இருக்கத்தான் செய்கிறது, ஒளி சரிந்து விழும் கோணத்தில் மினுக்கல் கூடவே செய்கிறது. "கண்ணுக்கே தெரியாது" என்று எழுதினால் அது மிகை. என் சட்டத்தில் 0.40 மில்லிமீட்டர் புளோரோகார்பன் ஒன்றைக் கூடுதலாகக் கட்டி 0.25 மில்லிமீட்டர் நிறமில்லாத நைலானோடு ஒப்பிட்டேன், நைலான்தான் குறைவாகத் தெரிந்தது. பலம் வேண்டும் என்று தடித்த புளோரோகார்பனுக்குப் போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, இது நைலானைவிட எடை கூடியது, ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.78 கிராம், நைலான் 1.14 மட்டும். நன்றாக மூழ்கும், தக்கையோடு மேற்பரப்பில் போடும் தூண்டிலுக்கு அது தொந்தரவு. விறைப்பும் ஜாஸ்தி, ஸ்பூலில் சுருண்ட வளையம் எளிதில் போகாது, முடிச்சை ஈரமாக்காமல் இறுக்கினால் சூட்டில் பலம் இழந்துவிடும். ரீல் முழுக்க இதைச் சுற்றுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. லீடராக, அதாவது ரீலிலிருந்து வரும் மெயின் நரம்புக்கும் முள்ளுக்கும் நடுவே கட்டும் துண்டாக, கடைசி ஒன்று, இரண்டு மீட்டருக்கு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன்.

ஏன் கடைசி ஒன்று, இரண்டு மீட்டர் மட்டும் போதும் என்பதற்கு மீனின் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மீனுக்கு நிறமே தெரியாது என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1910-களிலேயே விலங்கியல் அறிஞர் கார்ல் வான் ஃபிரிஷ் சின்ன நன்னீர் மீன்களைப் பழக்கி, சாம்பல் அட்டைகளுக்கு நடுவிலிருந்து நிற அட்டையை அவை பிரித்தறிவதைக் காட்டிவிட்டார். ஆனால் எல்லா மீனுக்கும் ஒரே கண் இல்லை. தங்கமீனின் கண்ணில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் நான்கு வகை, அதில் ஒன்று நமக்குத் தெரியாத புற ஊதாவையும் பார்க்கும், ஆகவே நமக்கு நிறமில்லாமல் தெரியும் நரம்பு அதற்கும் அப்படியே தெரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பெரியவாய் பாஸ் மீனுக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் மட்டும் கூம்புச் செல்கள், சுறாக்கள் பலவற்றுக்கு ஒரே ஒரு வகைதான், அவற்றுக்கு நிறம் என்பதைவிட வெளிச்சம், இருட்டு என்ற வேறுபாடுதான் செய்தி. அந்தி சாய்ந்த பிறகு எல்லா மீனும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்துவிடும். கூடவே, பெரும்பாலான மீன்களின் பார்வைக் கூர்மை நம்முடையதைவிடக் குறைவு. மெல்லிய நரம்பு அவற்றுக்குத் தட்டுப்படுவது நெருங்கி வந்த பிறகுதான், நெருங்கி வருவது இரையைத் தேடி, இரைக்குப் பக்கத்தில் இருப்பது லீடர். தூரத்தில் கிடக்கும் மெயின் நரம்பு எந்த நிறம் என்பது அதற்கு முக்கியமே இல்லை.

நரம்பைக் காட்டிக்கொடுப்பது நிறம் மட்டும் இல்லை என்பதும் சட்டத்தைப் பார்த்தபோது பளிச்சென்று புரிந்தது. தண்ணீரில் இறக்கியதும் புளோரோகார்பன் உட்பட எல்லா நரம்பிலும் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகள் ஒட்டியிருந்தன, ஒவ்வொன்றும் வெள்ளி மணி மாதிரி. விரலால் ஒரு தடவை நீவி விட்டதும் பாதி போயின. பாறையில் உரசித் தோல் வெளுத்த நைலான் புதிய மஞ்சளுக்குச் சமமாகத் தெரிந்தது. பாசி ஒட்டிய நரம்பு, நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் பளபளக்கும் உலோக இணைப்பான சுவிவல், வெட்டாமல் விட்ட முடிச்சின் வால் என்று இவையெல்லாம் நரம்பின் நிறத்துக்கு முன்னால் கண்ணில் படுகிறவை. அப்புறம் மீனுக்கு உடம்பின் பக்கத்தில் அதிர்வை உணரும் பக்கக்கோடு இருக்கிறது, நீரோட்டத்தில் இறுகி அதிரும் தடித்த நரம்பை அது பார்க்காமலே உணரும். அதற்கு எந்தச் சாயமும் மருந்தில்லை.

பிரெய்டு பற்றிச் சுருக்கமாக. எந்த நிறம் வாங்கினாலும் அது ஒளி புகாத நூல், எந்தத் தண்ணீரிலும் மறையாது, புகைச் சாம்பலும் பாசிப் பச்சையும் பக்கவாட்டில் மட்டும் கொஞ்சம் அடங்கித் தெரியும். ஆனால் 0.28 மில்லிமீட்டரில் நைலான் 4 அல்லது 5 கிலோ தாங்கினால் பிரெய்டு 13 கிலோ வரை தாங்கும், அதனால் அதே பலத்துக்கு மிக மெல்லியதாகப் போகலாம். சாயம் சீக்கிரம் வெளிறும், அது தரக்குறைவு இல்லை, அந்த இழை சாயத்தை உள்ளே வாங்கிக்கொள்ளாது.

யாருக்கு எது என்று கேட்டால்: கலங்கல் தண்ணீரில் போடுகிறவர்கள், வேகமாக லூர் (செயற்கை இரை) இழுக்கிறவர்கள், இரவில் கெளுத்திக்கு உட்காருகிறவர்கள் நிறத்தை மீனுக்காக யோசிக்கவே வேண்டாம், உங்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற மஞ்சளை வாங்குங்கள். தெளிந்த, அசையாத தண்ணீரில் நிதானமாக இரையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் கெண்டைக்குப் போகிறவர்கள்தான் இதில் கவலைப்பட வேண்டியவர்கள், அவர்களுக்கு என் சேர்க்கை மஞ்சள் பிரெய்டு மெயினும், தாங்கக்கூடிய அளவில் எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு மெல்லிய புளோரோகார்பன் லீடரும். லீடர் போட விருப்பமில்லாதவர்கள், ஒரே நரம்பில் முடிக்க நினைக்கிறவர்கள் வெளிர் பச்சை நைலானையே எடுக்கலாம், பெரும்பாலான நன்னீருக்கு அது நியாயமான தேர்வு. நீலத்தை நான் கடலுக்கு வெளியே வாங்க மாட்டேன். லீடர் இல்லாமல் பிரெய்டை நேரே முள்ளில் கட்டுகிறவர்கள் கருப்பு அல்லது கரும்பச்சை பெர்மனென்ட் மார்க்கர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கடைசி ஒரு மீட்டரை விட்டு விட்டுத் தீட்டினால் ஒரே நீளக் கோடாகத் தெரியாமல் துண்டு துண்டாக உடைந்து தெரியும், மை கரைந்ததும் மறுபடி தீட்டிக்கொள்ளலாம்.