ராஜினாமா கொடுக்கும் முன் கடிதத்தில் முதலாளி யார் என்று பாருங்கள்

மலேசியாவில், பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரே தொழிற்சாலையில் ஆறு வருடம் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவன் நான். நிரந்தர வேலை. இரண்டு வருடத்துக்கு முன் அதை விட்டுவிட்டுக் கோலாலம்பூர் போய் ஏமாந்தேன். வேலை மாறப்போகிற தம்பி தங்கைகள் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

அழைத்தது ஓர் ஏஜென்சி. பேசியவர் தமிழ் அக்கா. பங்சார் சவுத்தில் ஒரு பெரிய பன்னாட்டு நிறுவனத்துக்கு டெவலப்பர் வேண்டும் என்றார். ஐந்து சுற்று நேர்காணல். இரண்டு கோடிங், ஒன்று சிஸ்டம் டிசைன், வீட்டிலிருந்து செய்து அனுப்ப ஓர் அசைன்மென்ட். சனி ஞாயிறு இரண்டும் அதிலேயே போயின. கடைசிச் சுற்றுக்கு நேரில் வரச் சொன்னார்கள். பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் மாறி, எல்ஆர்டி நகர ரயிலில் கெரிஞ்சி போய் இறங்கினேன். கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் அந்த நிறுவனத்து ஆட்கள்தான். நல்ல மனிதர்கள், நன்றாகவே கேட்டார்கள். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மறுவாரம் அக்கா அழைத்தார். "கிடைச்சிடுச்சு தம்பி. எட்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்). சீக்கிரம் சேரணும்னு நிக்கிறாங்க, இன்னிக்கே ரிசைன் பண்ணிடுங்க. லெட்டர் பின்னாடியே வரும்." நம்ம ஆள் சொல்கிறார் என்ற நம்பிக்கை. அன்று மாலையே இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டேன்.

கடிதம் வர ஐந்து வாரம் ஆனது. மேலே இருந்தது நான் கேள்விப்பட்டே இராத ஒரு கம்பெனியின் பெயர். பன்னிரண்டு மாத ஒப்பந்தம். அடிப்படைச் சம்பளம் 6,800 வெள்ளி, மீதி 1,700 'பயணப் படி'. அக்காவுக்குப் போன் போட்டேன். "சும்மா ஃபார்மாலிட்டி தம்பி. வேலை அங்கதானே? ஒரு வருஷத்துல பெர்மனன்ட் ஆக்கிடுவாங்க." பழைய மேலாளரிடம் போய் நின்றேன். என் இடத்துக்கு ஏற்கெனவே ஆள் எடுத்துவிட்டார்கள். கார் கடன், வீட்டு வாடகை எல்லாம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பயணப் படியைக் காரணத்தோடுதான் வைத்திருந்தார்கள். பயணப் படிக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கட்ட வேண்டியதில்லை. சம்பளம் ஐயாயிரம் வெள்ளிக்கு மேல் என்றால் முதலாளியின் பங்கு 12 விழுக்காடு. 1,700க்குக் கணக்குப் போட்டால் 204 வெள்ளி. மாதாமாதம் என் சேமநிதியில் விழ வேண்டிய பணம், ஒரு வார்த்தையை மாற்றி எழுதியதில் போய்விட்டது.

முதல் நாள் கழுத்தில் மாட்டக் கொடுத்த அடையாள அட்டையின் பட்டை சாம்பல் நிறம். நிறுவனத்தின் சொந்த ஊழியர்களுக்கு நீலம். சாம்பல் பட்டைக்காரன் குடும்பத்துக்கு மருத்துவ அட்டை கிடையாது, குழுவின் ஆண்டு விருந்துக்கு அழைப்பும் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் மட்டும் போன் வரும். பதினோராவது மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது: ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை காப்புறுதிக்கு மாதந்தோறும் பிடித்தார்களே, அதையாவது கேட்கலாம் என்று போனேன். ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியே வருவது வேலையிழப்புக் கணக்கில் வராதாம். மூன்று மாதம் சேமிப்பில்தான் சாப்பிட்டேன். இப்போது மறுபடியும் பினாங்கில், குறைந்த சம்பளத்தில் இருக்கிறேன்.

ஒப்பந்த வேலையே கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்து போகிறவர்கள் அதற்கேற்பக் கூடுதல் சம்பளம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கு அதை மறைத்தார்கள், அதுதான் ஆத்திரம். முதல் அழைப்பிலேயே கேளுங்கள்: எனக்கு இபிஎஃப் கட்டப்போவது யார்? அதற்கு வரும் பெயர்தான் உங்கள் முதலாளி. அப்புறம் அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட கடிதம் கைக்கு வரும்வரை நோட்டீஸ் கொடுக்காதீர்கள். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

போன மாதம் இன்னொரு ஏஜென்சியிலிருந்து அழைத்தார்கள். அதே கேள்வியைக் கேட்டேன். "செக் பண்ணிட்டு சொல்றேன்" என்றார். இன்னும் அழைக்கவில்லை.