சீனியர் அலுவலகமா, சட்ட உதவியா, கூர்நோக்கு இல்லமா?

வியாசர்பாடியிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் பட்டரைப்பெரும்புதூர் அரசு சட்டக் கல்லூரிக்குப் போய்வரும் மாணவர்களுக்கு, வீட்டருகே உள்ள பாரிமுனை நீதிமன்றங்கள் விடுமுறையில்தான் வாய்க்கின்றன. பார் கவுன்சில் விதிப்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் பயிற்சி கட்டாயம். எந்த ஆண்டிலும் தொடர்ந்து நான்கு வாரத்தைத் தாண்டக் கூடாது. குற்றவியல் வழக்கறிஞராக விரும்புகிறவர் அந்த நான்கு வாரத்தை எங்கே செலவிடலாம்?

பலரும் முதலில் தேடுவது தம்புச் செட்டித் தெருவிலோ லிங்கிச் செட்டித் தெருவிலோ ஒரு சீனியர் வழக்கறிஞரின் அலுவலகத்தை. அங்கே கற்க வேண்டியது குறுக்கு விசாரணை. காவல்துறையிடம் சாட்சி சொன்னதற்கும் கூண்டில் சொல்வதற்கும் உள்ள முரண்பாட்டை ஒவ்வொரு கேள்வியாக வெளியே இழுப்பதை நேரில்தான் பார்க்க முடியும். ஆனால் சாட்சி வராவிட்டால் வாய்தா. வழக்குக் கட்டு சுமந்தும் நகல் எடுத்துமே மாதம் ஓடிவிடக் கூடும்.

முதல் பயிற்சிக்கு என் தேர்வு, இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. 2022இல் வந்த திட்டத்தின்கீழ் குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்காக வாதாடவே முழுநேர வழக்கறிஞர்கள் அமர்த்தப்படுகிறார்கள். அவர்களுடன் இருந்தால், கைதானவரைக் காவலில் வைக்கக் கோரிக் காவல்துறை தரும் ரிமாண்ட் அறிக்கையைப் படிக்கப் பழகலாம்: கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்களா, குற்றப்பத்திரிகைக்கான 60 அல்லது 90 நாள் கெடு எப்போது முடிகிறது? கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், தேதியைச் சரியாகக் கணக்கிட்டு மனுச் செய்தாலே ஒருவருக்கு ஜாமீன் உரிமை கிடைத்துவிடும்.

ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் துயரம் தீர்வதில்லை. காசிமேட்டில் மீன் இறக்கும் கூலித் தொழிலாளி, பிணை நிற்க ஆளுக்கும் ஆவணத்துக்கும் எங்கே போவார்? பிணையாள் இல்லாமல் புழல் சிறையிலேயே கிடப்பவருக்காகத்தான், ஏழு நாளில் விடுதலையாகாதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் ஆணையிட்டது. அதன் பிறகு அந்தக் குடும்பத்தைத் தேடிப் பேச ஒருவர் வேண்டும். வடசென்னையின் தெருக்களையும் பேச்சையும் அறிந்த மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களை விசாரணைக் காலத்தில் வைத்திருக்கும் கெல்லீஸ் கூர்நோக்கு இல்லமும், அவர்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமமும் சமூகப்பணி, குற்றவியல் (கிரிமினாலஜி) மாணவர்களுக்கே அதிகம் ஏற்றவை. சிறுவனின் வீடு, பள்ளி, சகவாசம் எல்லாவற்றையும் ஆராய்ந்து நன்னடத்தை அலுவலர் எழுதும் சமூகப் புலனாய்வு அறிக்கைதான் அங்கே பாடம். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறுவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். கல்லூரியில் ஒப்படைக்கும் பயிற்சிக் குறிப்பேட்டிலும் பெயர் எழுதாதீர்கள்.

சீனியர் அலுவலகத்தைத் தவிர்க்கச் சொல்லவில்லை. வழக்கறிஞரிடம் ஒரு முறையாவது பயிற்சி பெற்றாக வேண்டும் என்பதும் விதிதான். சாட்சியச் சட்டத்தைப் படித்து முடித்த ஆண்டில் போங்கள். சேருவதற்கு முன், சாட்சி விசாரணையில் நிற்கும் வழக்குகளின் தேதிகளைக் குமாஸ்தாவிடம் கேட்டு, அதற்கேற்ப நான்கு வாரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.