வீட்டுப் பட்டறைக்குத் திக்னஸ் பிளேனர்: தூக்கக்கூடியதா, வார்ப்பிரும்பா?

மேசையில் தூக்கி வைக்கும் சின்ன திக்னஸ் பிளேனர் (பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கும் மெஷின்) ஒன்றை மூன்று ஆண்டுகள் ஓட்டினேன். பிறகு அதை விற்றுவிட்டு, கோயம்புத்தூரிலேயே வார்த்துச் செய்த 12 அங்குல சர்ஃபேஸ்-திக்னஸ் கூட்டு மெஷினை (முகத்தைச் சமன்செய்யும் சர்ஃபேஸ் பிளேனரும் திக்னஸ் பிளேனரும் சேர்ந்தது) ஷெட்டில் இறக்கினேன். ஒரே இடத்தில், பெரும்பாலும் ஒரே மரத்தில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தாயிற்று. என் மனம் இரண்டாவதன் பக்கம்தான். அதற்குப் பல காரணம் சொல்லலாம், ஆனால் முடிவைத் தீர்மானித்தது பிளேடு.

ஆண்டுக்கு இரண்டு ஸ்டூல், ஒரு அலமாரி செய்பவருக்கு இரண்டுமே வேண்டாம். அறுவை மில்லில் கொடுத்தால் கூலிக்கு இழைத்துத் தருவார்கள். அங்கே ஒரே குறை, கனம் நம் கையில் இருக்காது. 18 மில்லிமீட்டர் கேட்ட பலகைகளில் ஒன்று 17 ஆகவும் இன்னொன்று 19 ஆகவும் எனக்கு வந்திருக்கின்றன. இழுப்பறைப் பெட்டி செய்ய அது உதவாது.

வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: திக்னஸ் பிளேனர் பலகையை நேராக்காது. வளைந்த பலகையை ரோலர்கள் அழுத்திப் பிடிக்கும்போது அது நேராகக் கிடக்கும், வெளியே வந்ததும் மறுபடி வளையும். கனம் சீராகும், வளைவு அப்படியே இருக்கும். ஆகவே ஒரு முகத்தை முதலில் சர்ஃபேஸ் பிளேனரிலோ இழைப்புளியிலோ சமன்செய்துகொள்ள வேண்டும். சின்ன மெஷின் இருந்த காலத்தில் பிளைவுட் பலகைமேல் மரத்தைக் கிடத்தி, இடைவெளியில் ஆப்பு வைத்து ஒட்டி, பலகையோடு சேர்த்தே உள்ளே தள்ளுவேன். வேலை நடக்கும், ஆனால் ஒரு பலகைக்கு அரை மணி நேரம் போய்விடும். கூட்டு மெஷினில் மேலே ஒரு முகத்தைச் சமன்செய்துவிட்டுக் கீழே கனம் எடுக்கலாம்.

சின்ன மெஷின் எப்படி இருக்கும் என்பதற்கு மகிடா 2012என்பி மாடலை எடுத்துக்கொள்ளலாம் (நான் வைத்திருந்தது வேறொரு நிறுவனத்தினுடையது). அகலம் 304 மில்லிமீட்டர், எடை 28 கிலோ அளவில், இரண்டு பிளேடு, நிமிடத்துக்கு 8,500 சுற்று, மரம் நகரும் வேகம் நிமிடத்துக்கு 8.5 மீட்டர். கணக்குப் போட்டால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு வெட்டு விழுகிறது. என் கூட்டு மெஷினில் மூன்று பிளேடு, சுமார் 4,300 சுற்று, நிமிடத்துக்கு 6 மீட்டர். மில்லிமீட்டருக்கு இரண்டுக்குச் சற்று மேல். பிளேடு கூராக இருக்கும்வரை வழவழப்பில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சின்ன மெஷினின் சத்தம் மட்டும் காதைத் துளைக்கும், இரண்டு வீடு தள்ளியும் கேட்கும்.

"பிளேடு கூராக இருக்கும்வரை" என்று சொன்னேன் அல்லவா, எல்லாம் அதில்தான் இருக்கிறது. நான் அதிகம் இழைப்பது பழைய தேக்கு. காரைக்குடிப் பக்கம் பிரித்த வீடுகளின் பர்மா தேக்கு உத்திரம், ஜன்னல் சட்டம் கிடைத்தால் விடமாட்டேன். தேக்கில் இயல்பாகவே சிலிக்கா உண்டு, அது எந்த எஃகின் கூர்மையையும் சீக்கிரம் மழுக்கிவிடும். பழைய மரமென்றால் இன்னும் மோசம். சந்துகளில் சுண்ணாம்பும் மணலும் அப்பியிருக்கும், தலை உடைந்த ஆணி உள்ளே புதைந்திருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, காந்தம் வைத்துத் தடவிப் பார்த்தாலும் ஏதாவது ஒன்று தப்பிவிடும்.

சின்ன மெஷின்களில் பெரும்பாலும் வருவது மெல்லிய, இருபக்கமும் கூருள்ள பிளேடு. ஒரு பக்கம் மழுங்கினால் திருப்பிப் போடலாம், அதுவும் மழுங்கினால் புதிது வாங்க வேண்டும். மாற்றுவது மிக எளிது. பிளேடு பூட்டும் உருளையில் நீட்டியிருக்கும் சிறு முளையில் உட்கார வைத்து முடுக்கினால் போதும், அளவு தானாகச் சரியாக நிற்கும். அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. பல மாடல்களில் அந்த முளைதான் பிளேடின் இடத்தை நிர்ணயிக்கிறது என்பதால் சாணை பிடித்து ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் பிளேடு உள்வாங்கிவிடும். ஒரு முறை புதிய ஜோடி போட்ட மறுநாளே ஜன்னல் சட்டத்தில் ஆணி மாட்டியது. பலகை முழுக்க நீளவாக்கில் ஒரு மேட்டுக்கோடு. திருப்பிப் போட்டேன், இரண்டு வாரத்தில் மறுபக்கமும் போயிற்று. அடுத்த ஜோடி ஊரில் கிடைக்கவில்லை. ஆறு வாரம் காத்திருந்தேன். அந்த ஆறு வாரமும் மெஷின் துணி போர்த்திக் கிடக்க, நான் மில்லுக்கு மரம் சுமந்தேன். அன்றே கூட்டு மெஷின் விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

கூட்டு மெஷினில் இருப்பது 3 மில்லிமீட்டர் தடிப்பில், 30 மில்லிமீட்டர் அகலத்தில் ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) பிளேடு. மழுங்கினால் கழற்றிச் சாணைக் கடைக்குக் கொண்டுபோகிறேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டே அரைக்கும் மெஷின் உள்ள கடையாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். மூன்றையும் ஒன்றாக வைத்து ஒரே அகலத்துக்குப் பிடிக்கச் சொல்ல வேண்டும், எடை மாறினால் உருளை அதிரும். முதல் முறை பல்லுப்பல்லாகப் போன பிளேடை நீட்டியபோது கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஆணியோட இழைச்சுட்டீங்களா? அரை மில்லி போனாப் போகுது, இன்னும் பத்து வாட்டி பிடிக்கலாமுங்க" என்றார். மூன்று பிளேடுக்கும் நான் கொடுக்கும் கூலி, சின்ன மெஷினுக்கு வாங்கிய ஒரு ஜோடி பிளேடு விலையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டியதில்லை. காலையில் கொடுத்தால் மாலையில் கையில் இருக்கும். சிறிய பல் விழுந்தால் சாணைக்குக்கூடப் போவதில்லை. ஒரு பிளேடை மட்டும் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தினால், மற்றதன் பல் விட்டுச்சென்ற கோட்டை அது வெட்டிவிடும்.

இதற்குக் கொடுக்கும் விலை, பூட்டுகிற வேலை. அங்கே முளை கிடையாது, எல்லாம் கைக்கணக்கு. மேலே, மரம் வெளிவரும் பக்கத்து மேசைமேல் நேரான ஒரு மரக்குச்சியை வைத்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, உருளையைக் கையால் சுற்றுவேன். பிளேடு குச்சியை 3 மில்லிமீட்டர் இழுத்துக்கொண்டு போக வேண்டும். இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடத்திலும், மூன்று பிளேடிலும் அதே அளவு. போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி, முதலில் லேசாக, பிறகு முழுதாக முடுக்க வேண்டும். முதல் முறை எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. இப்போது முக்கால் மணி நேரத்தில் முடிகிறது. இதில் அலட்சியம் கூடாது. சரியாக முடுக்காத பிளேடு சுற்றும் வேகத்தில் வெளியே பறக்கும்.

மோட்டாரிலும் இதே கதைதான். சின்னதில் கார்பன் பிரஷ் போட்ட அதிவேக மோட்டார், அந்தக் கார்பன் தேயும். கூட்டு மெஷினில் 2 ஹெச்பி இண்டக்‌ஷன் மோட்டார், பெல்ட், புல்லி. பம்ப்செட் ஊரில் காயில் கட்ட ஆளுக்குப் பஞ்சமில்லை, பேரிங்கும் பெல்ட்டும் எந்தக் கடையிலும் கிடைக்கும். மழைக்காலத்தில் வார்ப்பிரும்பு மேசை துருப்பிடிக்கும், மெழுகு தேய்த்து வைத்தால் நிற்கிறது. எண்ணெய் பூசாதீர்கள், மரத்தில் கறை ஏறிப் பாலிஷ் பிடிக்காது.

மாடியில் இருப்பவர்களும் வாடகை வீட்டுக்காரர்களும் நான் சொன்னதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுச் சின்னதையே வாங்கலாம். என் மெஷின் 200 கிலோவுக்கு மேல். டெம்போவிலிருந்து இறக்க நான்கு பேர், கீழே கான்கிரீட் தளம், எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்த மூன்று பேஸ் இணைப்பு எல்லாம் சேர்ந்துதான் அது ஓடுகிறது. சுத்தமான புது மரம் மட்டும் இழைப்பவருக்கும் பிளேடுத் தொல்லை பாதிதான். மறுவிற்பனையில் சின்னதற்கு எனக்குப் பாதி விலைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைத்தது. ஒரே ஒரு முறை விற்ற அனுபவம் அது, பொதுவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிறு சதுரக் கார்பைடு துண்டுகள் பதித்த சுருள் உருளையை நண்பர் பட்டறையில் இரண்டு முறை ஓட்டியிருக்கிறேன். ஆணி பட்டால் அந்த ஒரு துண்டை மட்டும் திருப்பினால் போதும், சத்தமும் குறைவு, முறுக்கு நாருள்ள வேங்கைகூடப் பிய்யவில்லை. இரண்டு முறை ஓட்டிய அளவில் சொல்லக்கூடியது அவ்வளவே. அதன் விலைக்கு என் மெஷினில் பாதி வாங்கலாம் என்பதால் நான் அதன் பக்கம் போகவில்லை.

உள்ளூர் மெஷின் வாங்கப் போனால் உருளையை முதலில் பாருங்கள். சதுர உருளை என்றால் திரும்பி வந்துவிடுங்கள், விரல் மாட்டினால் ஆழமாக இழுத்துவிடும். வட்ட உருளைதான் வேண்டும். மேலே சர்ஃபேஸ் பக்கத்துக்கு மூடி இல்லாமலே பலர் விற்கிறார்கள், அதைப் போட்டுக் கொடுத்தால்தான் பணம் என்று சொல்லுங்கள். பிறகு ஒரே நீளத்தில் மூன்று ரீப்பர் (ஒடுங்கிய மரச்சட்டம்) கொண்டுபோய், மேசையின் இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று ஒரே நேரத்தில் உள்ளே விட்டு, வெளியே வந்ததும் வெர்னியரால் அளந்து பாருங்கள். என் மெஷினில் இடதுக்கும் வலதுக்கும் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. பணம் கொடுக்கும் முன்பே மேசையை அங்கேயே ஏற்றி இறக்கிச் சரிசெய்து, மறுபடி அளந்து காட்டச் சொன்னேன்.