கம்லிங்க் பிளஸ்: வாடகை வீட்டில் பிள்ளைகளோடு இருப்பவர்கள் கேட்டு வாங்க வேண்டிய சேவை

என் தங்கை ஈரறை வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். துப்புரவு வேலை, விடியற்காலை ஷிஃப்ட். கம்லிங்க் பிளஸ் மூலமாக அவளுக்கு ஒரு ஃபேமிலி கோச் (குடும்பத்துக்குக் கூடவே இருந்து வழிகாட்டுபவர்) வந்தார். இதைப் பற்றித் தமிழில் யாரும் விவரமாக எழுதி நான் பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இது சிங்கப்பூரின் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் திட்டம். 2019இல் கம்லிங்க் என்று தொடங்கி, 2023இல் பிளஸ் சேர்த்து விரிவாக்கினார்கள். அரசாங்க வாடகை வீட்டில் பிள்ளைகளோடு இருக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத்தான் முக்கியமாக. கட்டணம் கிடையாது.

இதன் உண்மையான பயன் எனக்குப் புரிந்தது பள்ளியில் நடந்த ஒரு கூட்டத்தில்தான். பெரியவன் தொடக்கநிலை 5, தினமும் தாமதம். அவனுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று பள்ளி நினைத்தது, பள்ளி முடிந்து அவன் போகும் மாணவர் பராமரிப்பு நிலையத்துக்கோ மதியம் தூங்கி விழுகிறான் என்று மட்டும் தெரியும். தங்கையிடம் கேட்டால் அழுவாள், அவ்வளவுதான். கோச் எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, பையனையே கேட்டார். "பாப்பாவ விட்டுட்டுதான் டீச்சர் வரேன்" என்றான். பாலர் பள்ளி திறப்பது 7 மணிக்கு, அவனுக்கு மணி அடிப்பது 7.30க்கு, நடுவில் ஒரு பஸ். ஒவ்வொருவருக்கும் தெரிந்தது ஒரு துண்டுதான், முழுசாகச் சேர்த்துப் பார்க்க அதுவரை ஆளில்லை.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. சின்னவளை அண்ணனின் பள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாலர் பள்ளிக்கு மாற்றினார்கள். பெரியவனுக்குச் சிண்டா என்ற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் ஸ்டெப் டியூஷனுக்கும் கோச்சே வழிகாட்டினார் (நம் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்களே சிண்டா நிதி, அது இந்த மாதிரி வேலைகளுக்குத்தான் போகிறது, கூச்சப்படாமல் கேளுங்கள்). மூன்று வயதுப் பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்த்தால் பிள்ளையின் மேம்பாட்டுக் கணக்கில் (பிள்ளையின் படிப்பு, மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) 500 வெள்ளி, தொடர்ந்து ஒழுங்காக அனுப்பினால் காலாண்டுக்கு 200 வெள்ளி என்று உதவியும் இருக்கிறது. பணம் நல்லதுதான். ஆனால் என் தங்கைக்குப் பெரிய நிம்மதி, தன் கதையை ஒவ்வொரு மேசையிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை என்பது. இதற்கு முன் ஓர் இடத்தில் அதே சம்பளச் சீட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு அவளை அலைய விட்டிருந்தார்கள், ஒவ்வொரு தடவையும் அரைநாள் சம்பளம் போனது.

குறை என்று சொன்னால், இதே கஷ்டத்தோடு சொந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு இப்படி ஒரு ஆள் தானாகத் தேடி வருவதில்லை, அவர்களேதான் குடும்ப சேவை நிலையத்தின் கதவைத் தட்ட வேண்டும். அங்கேயும் நல்ல சமூக ஊழியர்கள் இருக்கிறார்கள், ஆனால் கடன் தொல்லையில் இருப்பவர் தானாகப் போவது சுலபமில்லை. இதை அமைச்சு கவனிக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

தகுதி இருக்கிறதா என்று தெரியாவிட்டால் பக்கத்துச் சமூக சேவை அலுவலகத்தில் கேளுங்கள். இல்லை என்றால் பிள்ளையின் பள்ளி ஆலோசகரிடம் பேசுங்கள். போகும்போது, எல்லாத் தரப்பையும் சேர்த்து ஒரு கூட்டம் வைக்க முடியுமா என்று நீங்களே கேளுங்கள். முடிந்தால் பிள்ளையையும் கூட்டிப் போங்கள்.