யுஎஸ்டிடி விற்க: எஸ்க்ரோவா, டெலிகிராமா?

யுஎஸ்டிடியை (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ காயின்) டெலிகிராமில் வாங்கும் ஆளிடம் விற்றால் ரேட் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு மேல் அதில் ஒரு நன்மையும் எனக்குத் தெரியவில்லை. காயினை முதலில் அனுப்பச் சொல்வார், போனது திரும்பாது.

கிரிப்டோ எக்ஸ்சேஞ்சின் பிடுபி சந்தையில் (பயனர்கள் தங்களுக்குள் வாங்கி விற்கும் இடம்) காயின் எஸ்க்ரோவில், அதாவது எக்ஸ்சேஞ்சின் பொறுப்பில், பூட்டப்பட்டிருக்கும். பணம் வந்ததாக நீங்கள் உறுதிசெய்தால்தான் விடுபடும். போலி யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டை நம்பி நீங்களே விடுவித்தால் எஸ்க்ரோ என்ன செய்யும்? வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள்.

பெரிய வில்லங்கம் மூன்றாம் ஆள் கணக்கிலிருந்து வரும் பணம். அது யாரிடமோ ஏமாற்றிப் பறித்ததாக இருந்தால், பறிகொடுத்தவர் சைபர் மோசடி உதவி எண் 1930-இல் புகார் செய்ததும் உங்கள் கணக்கு முடங்கலாம். பிடுபியில் பணம் அனுப்பியவர் பெயரை, வாங்குபவரின் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) பெயரோடு ஒப்பிடலாம். பொருந்தாவிட்டால் காயினை விடுவிக்காமல் எக்ஸ்சேஞ்சிடம் அப்பீல் (முறையீடு) போடலாம். டெலிகிராமில் ஒப்பிட இருப்பது ஒரு புனைபெயர்தான்.