பிள்ளை பெற்றவளுக்கான பத்துக் கேள்வித் தாள்: எங்கே உதவும், எங்கே கோட்டை விடும்

பச்சைப்பிள்ளைக்காரி அழுதால் "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள் நம் மலேசிய எஸ்டேட் பெரியவர்கள். பாதி உண்மை. மூன்றாம் நாள் வாக்கில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அடங்கவில்லையென்றால் மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். அதற்கான கருவிதான் 1987-ல் வந்த எடின்பரோ கேள்வித்தாள். ஐந்து நிமிட வேலை.

கடந்த 7 நாள்களை மட்டும் கேட்பது இதன் பெரிய பலம். களைப்பா, பசி இல்லையா என்றெல்லாம் கேட்காது. இரவெல்லாம் பால் கொடுப்பவள் எல்லாருக்கும் அது உண்டுதானே. தூக்கத்தைப் பற்றிய ஏழாம் கேள்விகூட, மனக்கஷ்டத்தால் தூக்கம் கெடுகிறதா என்றுதான் கேட்கிறது. தொட்டிலில் பிள்ளை அயர்ந்து தூங்க, தாய் மட்டும் கண் மூடாமல் கிடக்கிறாளா? கவனிக்க வேண்டியது அதைத்தான்.

கூட்டும்போதுதான் தப்பு வரும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. 1, 2, 4-ஆம் கேள்விகளுக்கு மேலிருந்து கீழே 0, 1, 2, 3. மற்ற ஏழுக்கும் தலைகீழாக 3, 2, 1, 0. எல்லாவற்றையும் ஒரே பக்கமாகக் கூட்டினால் கணக்கே மாறிவிடும். 10 வந்தால் டாக்டரிடம் பேச வேண்டும்; 13-ஓ அதற்கு மேலோ என்றால் நோய் இருக்க வாய்ப்பு அதிகம். பத்தாம் கேள்வி, தன்னையே வருத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. மொத்தம் வெறும் 4 வந்தாலும், அதற்கு "ஒருபோதும் இல்லை" தவிர வேறு பதில் இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அதுவரை அவளைத் தனியே விடக்கூடாது.

இதில் நாங்கள் காணும் பெரிய குறை, தாளை நிரப்பும் இடம். பக்கத்தில் மாமியார் பிள்ளையை மடியில் வைத்திருக்க, கணவர் மலாய்த் தாளைப் படித்துச் சொன்னால், பேனா தானாக "இல்லை"க்குத்தான் போகும். தமிழ்த் தாள் உண்டு, கிளினிக் மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) கேளுங்கள். மிஸ்ஸி வீட்டுக்கு வரும் நாளில் அத்தை பிள்ளையைக் குளிப்பாட்டப் போகட்டும். அந்த நேரம் போதும்.

தாள் சந்தேகத்தைத்தான் சொல்லும். நோயை டாக்டர்தான் முடிவு செய்வார். இரத்தக்குறைவும் தைராய்டு கோளாறும் இதே மாதிரி ஆளை வாட்டும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின் மாத்திரை தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும். பெரும்பாலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. மனம் தெளிந்ததும் மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் ஆபத்து.

தாளுக்குப் பிடிபடாதது ஒன்று உண்டு. தூங்காமலேயே பரபரப்பு, காதில் குரல், "இது என் பிள்ளையில்லை" என்ற சந்தேகம். பிள்ளை பெற்றபின் வரும் இந்தக் கடும் மனநோய் ஆயிரத்தில் ஒன்றிரண்டு தாய்மாருக்கு வரும். காத்துக் கருப்பு என்று முனியாண்டி கோயிலில் கயிறு கட்டுவதை நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே 999-க்கு அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போய்விடுங்கள்.

10-க்கும் 12-க்கும் நடுவே வந்தவர்கள் இரண்டு வாரம் கழித்து மறுபடி நிரப்ப வேண்டும். இடையில் ராத்திரியில் யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால் அரசாங்க உதவித் தொலைபேசி தாலியான் காசே (Talian Kasih), 15999, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.