விலை உயர்ந்த கார்ப்பெட் ப்ரொடெக்டர்: கிளீனிங் தொழிலுக்குக் கட்டுப்படியாகுமா?

கறை எளிதில் படியாமலிருக்க, கழுவிய கார்ப்பெட்டின் நாரில் அடிக்கும் மருந்துதான் ப்ரொடெக்டர். கேன் விலையைப் பார்த்து மலைத்துப்போய் மலிவானதை வாங்குபவர்கள்தான் அதிகம். கணக்குப் போட வேண்டியது கேனுக்கு இல்லை, சதுர மீட்டருக்கு. ஒரு பங்குக்கு ஏழு பங்கு தண்ணீர் கலக்கும் கான்சன்ட்ரேட் 1 லிட்டர் இருந்தால் 8 லிட்டர் கரைசல் கிடைக்கும். லிட்டருக்குச் சுமார் 10 சதுர மீட்டர் என்று வைத்தால் 80 சதுர மீட்டருக்கு வரும். மூன்று பங்கு தண்ணீர் மட்டுமே தாங்கும் சரக்கு 40 சதுர மீட்டரோடு காலி. இரண்டாவதன் விலை பாதியாக இருந்தாலும் செலவு ஒன்றுதான். அடித்து, வாரிவிட்டு, ஃபேன் வைக்கும் கூலியும் இரண்டுக்கும் ஒன்றே.

ஆகவே விலையை விட்டுவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஃப்ளோரின் வகை தண்ணீரையும் எண்ணெயையும் விலக்கும். சிலிகோன் வகை தண்ணீரை மட்டும் விலக்கும், எண்ணெய்ப் பிசுக்கை இழுத்து வைத்துக்கொள்ளும். நீர்த்துளியை முத்துப்போல உருட்டிக் காட்டும் டெமோவில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு துண்டு கார்ப்பெட்டில் அடித்து முழுக்கக் காயவிட்டு, ஒரு சொட்டு மினரல் ஆயிலை வையுங்கள். 30 விநாடிக்குள் உள்ளே இறங்கிவிட்டால் அதை எண்ணெய் விலக்கி என்று சொல்லி விற்காதீர்கள்.

பிராண்டின் பழைய பேரை மட்டும் நம்புவதும் சரிவராது. ஸ்காட்ச்கார்ட் என்ற பிரபல ப்ரொடெக்டரில் இருந்த பழைய வேதிப்பொருளைக் கைவிடுவதாக 3எம் நிறுவனம் 2000-இல் அறிவித்தது. பின்னர் வந்தது வேறு கலவை. 2025 இறுதிக்குள் பிஃபாஸ் எனப்படும் ஃப்ளோரின் சேர்ந்த வேதிப்பொருள்களின் உற்பத்தியையே நிறுத்துவதாக 2022-இல் சொன்னது. ஒரே பெயரில் வரும் கேனுக்குள் இருப்பது ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். ஃப்ளோரின் இல்லாத புதிய வகைகள் தண்ணீருக்கு நன்றாக நிற்கின்றன, எண்ணெய்க்குத் தடுமாறுகின்றன. புதிய சரக்கு வரும்போதெல்லாம் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்கி, சொட்டுச் சோதனையையும் மறுபடி செய்யுங்கள்.

"ப்ரொடெக்டர் வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களில் பல மருந்தின் குற்றமல்ல. கழுவும்போது மிச்சமான டிடர்ஜென்ட்தான் காரணம். நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதே டிடர்ஜென்ட்டின் வேலை. நாரில் அது தங்கியிருந்தால் மேலே என்ன அடித்தாலும் துளி உருளாது, பரவி இறங்கும். கழுவும் முன் அடிக்கும் ப்ரீ-ஸ்ப்ரே காரம் மிகுந்ததாக இருந்தால், நைலானில் ஏற்கெனவே இருக்கும் கறைத் தடுப்பையும் அரித்துவிடும். லேசான அமில ரின்ஸ் விட்டு, உறிஞ்சி வரும் தண்ணீரில் நுரை இல்லாமல் போகும்வரை அலசுங்கள். காரம் மீந்திருக்கிறதா என்று ஈர நாரில் பி.எச். தாளை அழுத்திப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

பிறகு தண்ணீர் விடாமல் வெறும் உறிஞ்சலாக இரண்டு முறை ஓட்டுங்கள். கார்ப்பெட் ஈரப்பதமாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் கரைசல் நீர்த்துப் போகும். ப்ரீ-ஸ்ப்ரே அடித்த பம்பை எடுக்காதீர்கள், ப்ரொடெக்டருக்கென்று தனி ஸ்ப்ரேயர் வேண்டும். விசிறி நாசிலை 30 முதல் 45 செ.மீ. உயரத்தில் பிடித்து, முதலில் நீளவாக்கில் பாதி, பின்பு குறுக்குவாக்கில் மீதி. உடனே குரூமிங் பிரஷ்ஷால் வாரிவிட வேண்டும். வாராமல் விட்டால் மருந்து இழையின் நுனியிலேயே நின்றுவிடும். முதலில் தேய்வதும் அந்த நுனிதான். நன்றாகக் காயும்வரை யாரும் மிதிக்கக் கூடாது, முழுப் பலன் வர ஒரு நாள் விடுங்கள். ஓரத்து மரத்தரையிலோ டைல்ஸிலோ தெறித்தால் அப்போதே துடையுங்கள், வழுக்கும்.

கூட அடித்தால் கூடக் காக்கும் என்று நினைக்க வேண்டாம். நார் விறைக்கும், வெள்ளைப் பொடி உதிரும், அழுக்கும் சீக்கிரம் சேரும். குளிரில் உறைந்து தயிர்போலத் திரிந்த கேன் குலுக்கினாலும் சரியாகாது.

எங்கெல்லாம் லாபம்? நைலானிலும் கம்பளியிலும் தயங்காமல் போடலாம். சிவப்பு பானங்களின் சாயம் பெரும்பாலும் அமிலச் சாயம், நைலான் அதைப் பிடித்துக்கொள்ளும். அங்கே டை பிளாக்கர், அதாவது சாயம் நாரில் ஏறாமல் தடுக்கும் பொருள், சேர்ந்த வகைக்குக் கூடுதல் விலை தகும். பாலியஸ்டரில் அந்த பிளாக்கர் வீண். விஸ்கோஸில் வெறும் தண்ணீரே தடம் பதிக்கும், எந்த வாக்குறுதியும் கொடுக்காதீர்கள். பிளீச், செல்லப்பிராணி மூத்திரம், கொதிக்கும் காபி ஆகியவற்றுக்கு எந்த வகையும் முழுத் தடுப்பல்ல. ப்ரொடெக்டர் தருவது துடைத்தெடுக்கக் கொஞ்சம் அவகாசம், அன்றாடத் தூசி வாக்குவமில் எளிதாக வருவது, இவ்வளவுதான். சோபாவில் கை வைக்கும் இடமும் தலை சாயும் இடமும், கார்ப்பெட்டில் நடைபாதையும்தான் ப்ரொடெக்டர் முதலில் தேய்ந்துபோகும் இடங்கள். மறுமுறை அந்தப் பகுதிகளுக்கு மட்டும் அடித்து அதற்கு மட்டும் பில் போட்டால் வாடிக்கையாளர் நிலைப்பார்.

எந்த நார் என்று சந்தேகமா? மறைவான மூலையிலிருந்து ஓர் இழையை எடுத்துத் தண்ணீருக்குள் காற்றுக் குமிழி போக நசுக்கி விடுங்கள். நைலானும் பாலியஸ்டரும் மூழ்கும். மிதந்தால் ஓலிஃபின், அதாவது பாலிப்ரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் நார். அது தண்ணீரை எப்படியும் குடிக்காது, எண்ணெயை விடவும் விடாது. அதற்கு ப்ரொடெக்டர் வேண்டாம், பில்லிலும் சேர்க்காதீர்கள்.